ஒரு மேயர் கட்டிய மைதானம், இன்னொரு மேயர் கட்டும் கடன்

1984 மே மாதம் பிரான்ஸின் நாந்த் நகரில் பொஜுவார் கால்பந்து மைதானம் திறக்கப்பட்டது. அதைக் கட்ட முடிவெடுத்த மேயர் அப்போது பதவியில் இல்லை. சோஷலிஸ்ட் கட்சியின் அலேன் ஷெனார் 1977இல் மேயரானவர். 1984 கோடையில் பிரான்ஸ் நடத்தவிருந்த யூரோ போட்டியில் தன் ஊருக்கும் ஆட்டங்கள் வரவேண்டும் என்று புதிய மைதானத்துக்கு வேலையைத் தொடங்கினார். ஆனால் 1983 மார்ச் நகராட்சித் தேர்தலில் தோற்றுப்போனார். மைதானம் திறந்தது வலதுசாரி மேயர் மிஷேல் ஷொட்டியின் காலத்தில். அவரும் 1989இல் போய்விட்டார். மைதானம் இன்றும் பொதுச் சொத்து, பொதுச் செலவு.

இது நாந்த் நகரத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரெஞ்சு நகரங்களில் முடிவெடுத்தவர் ஒருவர், ரிப்பன் வெட்டியவர் வேறொருவர், தவணை கட்டியவர் மூன்றாமவர் என்பது அடிக்கடி நடந்த கதை. வழக்கமாக இதை வேறு மாதிரி சொல்வார்கள்: இடதுசாரி மேயர்கள் எல்லோருக்கும் நீச்சல் குளமும் திடலும் கொடுத்தார்கள், வலதுசாரி மேயர்கள் சாம்பியன்களையும் நகரத்தின் பெருமையையும் வளர்த்தார்கள் என்று. 1950களுக்கும் 60களுக்கும் இது ஓரளவு பொருந்தும். அதற்குப் பிறகு கட்சிக் கொடியின் நிறத்தை வைத்து ஒரு நகரத்தின் விளையாட்டுச் செலவைக் கணிக்கப் போனால் ஏமாந்துதான் போவோம். தேர்தல் நாட்காட்டி, மேயருக்கும் கிளப் தலைவர்களுக்கும் இருந்த உறவு, பாரிஸிலிருந்து எந்த நிபந்தனையோடு பணம் வந்தது என்பது, இந்த மூன்றையும் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும்.

முதலில், ஏன் மேயர்? பிரான்ஸில் விளையாட்டு என்பது சட்டப்படி எந்த உள்ளாட்சிக்கும் கட்டாயக் கடமை அல்ல. 1945 ஆகஸ்டு அவசரச் சட்டம் போட்டிகளை நடத்தும் உரிமையை அரசின் அனுமதியோடு விளையாட்டுச் சம்மேளனங்களிடம் கொடுத்தது. திடலை யார் கட்டுவது, குளத்தை யார் சூடாக்குவது என்பதை யார் தலையிலும் கட்டவில்லை. 1982இல் அதிகாரப் பரவலாக்கம் வந்து எந்த வேலை யாருக்கு என்று பிரித்தபோதும் விளையாட்டு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. 2015 சட்டம் அதை எல்லா மட்டங்களும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு என்று எழுதி வைத்தது. யாரும் செய்தாக வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். நடைமுறையில் செய்தவை நகராட்சிகள்தான். நாட்டின் விளையாட்டு வசதிகளில் மிகப் பெரும்பான்மை இன்று நகராட்சிகளுடையவை, அல்லது அவை சேர்ந்து அமைத்த கூட்டமைப்புகளுடையவை.

பிரெஞ்சு மேயரின் கை பலமானது. ஆறு ஆண்டுப் பதவி. பெரும்பாலான நகரங்களில் 1983 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, வெல்லும் வேட்பாளர் பட்டியலுக்கு நகர்மன்றத்தின் பாதி இடங்கள் போனஸாகப் போகும். மீதிப் பாதியில்தான் எல்லோருக்கும் விகிதப்படி பங்கு. அதனால் மன்றத்தில் மேயரைக் கவிழ்ப்பது நடக்காத காரியம். போதாததற்கு 2017 வரை ஒரே ஆள் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்கலாம். காலையில் பாரிஸில் அமைச்சரிடம் மானியம் கேட்டவர் மாலையில் ஊர் திரும்பி அதே மானியத்துக்கு அடிக்கல் நாட்டுவார்.

மறுபக்கம் கிளப்புகள். 1901 சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான தன்னார்வ அமைப்புகள். ஆட்கள் உண்டு, ஆர்வம் உண்டு, திடல் கிடையாது. திடல், உள்ளரங்கம், அது திறக்கும் நேரம், காவலாளி, விளக்கு, வெந்நீர் எல்லாம் நகராட்சியின் கையில். ஆண்டுதோறும் நகர்மன்றம் மானியப் பட்டியலை வாக்கெடுப்புக்கு விடும். பக்கம் பக்கமாகக் கிளப் பெயர்களும் எதிரே தொகையும். எத்தனை உறுப்பினர், அதில் எத்தனை சிறுவர்கள், எத்தனை பெண்கள், வெளியூர்ப் பயணச் செலவு எவ்வளவு என்று புள்ளி போட்டுப் பல நகரங்கள் தொகையை நிர்ணயிக்கின்றன. அது வெளியே தெரியும் கணக்கு. அந்தப் பட்டியலில் வராத ஒன்றுதான் பெரும்பாலும் சண்டையைக் கிளப்பும்: புதன்கிழமை பிற்பகல் உள்ளரங்கம் யாருக்கு? பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லாத நேரம் அது. அந்த இரண்டு மணி நேரம் கையில் இருக்கும் கிளப்தான் வளரும். விளையாட்டுக்குப் பொறுப்பான துணை மேயரின் உண்மையான அதிகாரம் இந்த நேர அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தச் சச்சரவு நேராக மேயரின் மேசைக்கு வராமலிருக்க, நகர விளையாட்டு அலுவலகம் என்ற ஓர் இடைநிலை அமைப்பைப் பல ஊர்கள் உருவாக்கின. கிளப் பிரதிநிதிகளும் மன்ற உறுப்பினர்களும் அதில் சேர்ந்து உட்கார்ந்து பங்கு பிரிப்பார்கள்.

பாரிஸைச் சுற்றியிருந்த கம்யூனிஸ்ட் புறநகரங்களில் இந்த உறவு வேறு வடிவம் எடுத்தது. சேன்-தெனி, இவ்ரி, ஓபெர்வில்லியே, பொபினி போன்ற ஊர்களில் கட்சி, தொழிற்சங்கம், நகராட்சி, விளையாட்டுக் கிளப் நான்கும் ஒரே குடும்பம் போல இயங்கின. இவ்ரியை நெடுங்காலம் ஆண்ட ஜார்ஜ் மரான் தொழிலாளர் விளையாட்டு இயக்கத்திலிருந்து வந்தவர். அந்த இயக்கத்தின் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் கிளைகள் 1934இல் ஒன்றாகி உருவான சம்மேளனம் இன்றும் இருக்கிறது. இந்த ஊர்களில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனிக் கிளப் கிடையாது. ஒரே பெரிய கிளப், அதற்குள் கால்பந்து, ஹேண்ட்பால், சைக்கிள், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பிரிவுகள். ஓபெர்வில்லியேவில் கிளப்பின் பெயரே 'நகராட்சிக் கிளப்' என்றுதான். பணம் ஒரே உறையில் போகும். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று உள்ளே பிரித்துக்கொள்வார்கள். பணக்காரப் பிரிவு, ஏழைப் பிரிவு என்ற பேதம் வரக்கூடாது என்பது கொள்கை. நகராட்சியோடு முரண்பட்ட பிரிவு வெளியே போய்த் தனியாகப் பிழைக்க முடியாது என்பது விளைவு.

இந்த முறை சாம்பியன்களை உருவாக்கவில்லை என்று சொல்ல முடியாது. இவ்ரியின் ஹேண்ட்பால் அணி பலமுறை தேசியச் சாம்பியன். 'எல்லோருக்கும் விளையாட்டு' என்று பேசிய நகரங்கள் கோப்பை வந்தபோது கூச்சப்படவில்லை. ஏன் படவேண்டும்?

அந்தக் காலத்துப் பிரிவினைகளை மைதானங்களின் பெயர்களில் இன்னும் படிக்கலாம். 1936 மக்கள் முன்னணி அரசில் விளையாட்டுக்கும் ஓய்வுநேரத்துக்கும் பொறுப்பேற்று, 1940இல் போர்முனையில் இறந்த லெயோ லக்ராஞ்சின் பெயரில் நாடெங்கும் மைதானங்கள் உண்டு. பெரும்பாலும் இடதுசாரிகள் சூட்டியவை. பர்கண்டியின் ஓசேர் நகரில் கால்பந்து மைதானத்துக்கு அபே தேஷாம் என்ற பாதிரியாரின் பெயர். கத்தோலிக்க இளைஞர் மன்றமாக 1905இல் கிளப்பைத் தொடங்கியவர் அவர்தான். அந்த மைதானம் நகராட்சியின் கையில் இல்லாமல் கிளப் சங்கத்துக்கே சொந்தமாக இருந்தது. மேயரின் தயவு தேவைப்படாத ஓர் அபூர்வ இடம். ரேம்ஸ் நகர மைதானம் ஒகுஸ்த் தெலோன் பெயரில் இருக்கிறது. தெலோன் கம்யூனிஸ்ட், தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தின் செயலாளர். 1943இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது சித்திரவதைக்குப் பின் இறந்தவர். அப்புறம் 1959 முதல் 1977 வரை ரேம்ஸின் மேயராக இருந்தவர் ஷாம்பெய்ன் மதுக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் தெத்தாஞ்ஜே, டி கோலின் ஆதரவாளர். அவரும் பெயரில் கைவைக்கவில்லை.

வலதுசாரிப் பக்கம் போர்தோ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஷாக் ஷபான்-தெல்மாஸ் 1947 முதல் 1995 வரை அங்கே மேயர். நாட்டுக்காக ரக்பி ஆடியவர், டென்னிஸ் பைத்தியம், நாடாளுமன்றத் தலைவர், 1969 முதல் 1972 வரை பிரதமர். கிளப் தலைவர்களை அவரே நேரில் அறிவார்; எதற்கும் குழு, அலுவலகம் என்று அலையத் தேவையில்லை. அந்த நெருக்கத்துக்கு விலை இருந்தது. 1980களில் கிளோத் பேஸ் தலைமையில் போர்தோ கால்பந்து அணி பட்டங்களைக் குவித்தது. கூடவே கடனையும். 1991இல் கடன் காரணமாகவே அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஆட்டத்தில் தோற்று இறங்கியிருந்தால் கிளப்போடு போயிருக்கும். கணக்கில் தோற்று இறங்கியதால் அணிக்குத் துணை நின்ற நகராட்சியும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

லியோன் மேயர் லூயி பிரதெல் வேறு ரகம், கட்டுவதில் வெறி கொண்டவர். 1968 கோடை ஒலிம்பிக்ஸை லியோனுக்குக் கொண்டுவரப் பார்த்தார். 1963 அக்டோபரில் பாடன்-பாடனில் நடந்த வாக்கெடுப்பில் மெக்சிகோ நகரத்துக்கு 30, டெட்ராய்ட்டுக்கு 14, லியோனுக்கு 12. ஒலிம்பிக்ஸ் வரவில்லை. ரோன் ஆற்றங்கரையில் ராக்கெட் போன்ற விளக்குக் கோபுரங்களோடு பெரிய நீச்சல் வளாகம் மட்டும் வந்தது. பின்னாளில் அதற்கு விளையாட்டுத் துணை மேயராக இருந்த தோனி பெர்த்ராங்கின் பெயரை வைத்தார்கள். தோற்றுப்போன விண்ணப்பம் ஊருக்கு விட்டுப்போன நல்ல காரியம் அது. குளிர்காலத்திலும் திறந்த வெளியில் நீந்தலாம்.

இத்தனைக்கும் பணம்? இங்கேதான் பாரிஸ் நுழைகிறது. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. டி கோல் தானே ஓட்ட உடையில் கிளம்புவதாகவும், 'இந்த நாட்டில் எல்லாவற்றையும் நானே செய்தாக வேண்டும் போல' என்று அலுத்துக்கொள்வதாகவும் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. அன்னபூர்ணா சிகரம் ஏறிய மொரிஸ் எர்ஸோக் விளையாட்டுப் பொறுப்பில் இருந்தார். 1961இல் விளையாட்டு வசதிகளுக்கான முதல் பல்லாண்டு நிதிச் சட்டம் நிறைவேறியது. 1965இலும் 1971இலும் அடுத்தடுத்து வந்தன. அரசு ஒரு பங்கு தரும், மீதிக்கு நகராட்சி கடன் வாங்க வேண்டும். மானியம் வேண்டுமென்றால் அரசு ஒப்புக்கொண்ட மாதிரி வரைபடத்தில் கட்ட வேண்டும். மேயருக்குக் கட்சி எதுவானாலும் கட்டடம் ஒன்றேதான்.

இதன் உச்சம் 'ஆயிரம் நீச்சல் குளங்கள்' திட்டம். 1969 கோடையில் லுவார் ஆற்றில் குழந்தைகள் கூட்டமாக மூழ்கி இறந்த விபத்து நாட்டை உலுக்கியது. 1968 ஒலிம்பிக்ஸில் நீச்சல் அணி சோபிக்காததும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுக்குப் பொறுப்பான இணை அமைச்சர் ஜோசப் கொமித்தி, ஒவ்வொரு பிரெஞ்சுக் குழந்தையும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் குளங்களை முன்வைத்தார். அவற்றில் புகழ்பெற்றது கட்டடக் கலைஞர் பெர்னார் ஷொல்லேர் வடிவமைத்த 'சூரியகாந்தி' மாதிரி. வட்டமான தாழ்ந்த குவிமாடம், 35 மீட்டர் விட்டம், சுற்றிலும் கப்பலில் இருப்பது போல வட்ட ஜன்னல்கள், உள்ளே 25 மீட்டர் குளம். வெயில் நாளில் கூரையின் பகுதிகள் தண்டவாளத்தில் நகர்ந்து மற்றப் பகுதிகளின் மேல் ஏறிக்கொள்ள, குளத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வெளியாகிவிடும். 183 சூரியகாந்திகள் கட்டப்பட்டன. வேறு மாதிரிகளையும் சேர்த்தாலும் மொத்தம் ஆயிரத்தை எட்டவில்லை.

மேயர்களுக்கு அது அருமையான வரம். தனியாக வடிவமைக்க நேரம் வேண்டாம், செலவு குறைவு, அடுத்த தேர்தலுக்குள் தயார். நீந்தத் தெரியாத ஊரில் நீச்சல் குளத்தை எதிர்த்து எவரும் வாக்களிக்க மாட்டார்கள். ஆனால் கட்டும்போதுதான் மானியம். சூடாக்க, பழுதுபார்க்க, ஆள் வைக்க நகராட்சியே பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடங்கள் தயாரானபோது எண்ணெய் மலிவு. 1973இல் அது மலிவாக இருப்பது நின்றுபோனது. குளங்களோ அதற்குப் பிறகும் திறந்துகொண்டே இருந்தன.

எல்லா இழைகளும் ஒன்றாகச் சேரும் ஊர் கிரெனோபிள். 1964 ஜனவரியில் டி கோல் ஆதரவாளரான மேயர் ஆல்பெர் மிஷலோன் 1968 குளிர்கால ஒலிம்பிக்ஸை வென்று வந்தார். கடைசிச் சுற்றில் கனடாவின் கால்கரியை 27க்கு 24 என்று முந்தினார்கள். இந்த வெற்றியோடு அடுத்த ஆண்டு தேர்தலுக்குப் போனவர் தோற்றார். தோற்கடித்தது ஒலிம்பிக்ஸ் எதிர்ப்பு அல்ல, தண்ணீர். மேல்மாடிகளில் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. அணு ஆய்வு மையத்தில் வேலை பார்த்த முன்னாள் கடற்படை அதிகாரி யூபெர் துபெதூ குடியிருப்போரைத் திரட்டிப் போராடினார், எந்தக் கட்சியையும் சேராத ஒரு நகரச் செயல் குழுவைத் தொடங்கினார், சோஷலிஸ்ட்களோடு கூட்டணி வைத்து 1965 மார்ச்சில் மேயரானார். தான் கேட்காத ஒலிம்பிக்ஸ் மூன்று வருடத்தில் வருகிறது என்ற நிலையில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

துபெதூ செய்த காரியம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிம்பிக்ஸை மறுக்கவும் முடியாது, கொண்டாடவும் மனமில்லை. அதனால் அதை ஒரு பேரம் ஆக்கினார். டி கோலின் அரசுக்கு ஒலிம்பிக்ஸ் கௌரவப் பிரச்சினை, தேதி மாறாது. அப்படியென்றால் நெடுஞ்சாலை, புதிய ரயில் நிலையம், விமான நிலையம், நகராட்சிக் கட்டடம், பண்பாட்டு மையம் எல்லாம் அதே தேதிக்குள் வந்தாக வேண்டும். சாதாரணமாக இருபது வருடம் இழுக்கும் பணிகள் மூன்று வருடத்தில் முடிந்தன. வீரர்கள் தங்கிய கிராமம் குடியிருப்பாக மாறியது. மொத்தச் செலவு 110 கோடி பிராங்க் அளவில்; பெரும்பங்கை அரசு ஏற்றது. ஒன்றரை லட்சம் சொச்சம் மக்கள் வாழ்ந்த நகரத்துக்கு மீதியே பெரும் பாரம். உள்ளூர் வரிகள் ஏறின, ஒலிம்பிக்ஸ் கடன் 1995 வரை நீண்டது.

விளையாட்டுக்கென்று கட்டியவைதான் முதலில் உதிர்ந்தன. 1968 பிப்ரவரி 6 அன்று டி கோல் தொடங்கிவைத்த விழாவுக்காக ஏறத்தாழ 60,000 இருக்கைகளோடு ஒரு தற்காலிக மைதானம் எழுப்பி, பிறகு கழற்றிவிட்டார்கள். ஆல்ப்-துவேஸில் பாப்ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டிக்காகப் போட்ட தடத்தில் வெயில் பட்டுப் பனி உருகியதால் பந்தயங்களை இருட்டு வேளைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சேன்-நிசியேவின் பெரிய பனித்தாவல் மேடை கைவிடப்பட்டுச் சரிவில் தனியாக நிற்கிறது. பனிச்சறுக்கு வீரர் ஷான்-குளோத் கிய்யி வென்ற மூன்று தங்கங்கள் நாட்டின் நினைவில் நின்றன. ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியவை சாலைகளும் வீடுகளும்.

துபெதூ 1983இல் வலதுசாரி அலேன் கரிஞோனிடம் தோற்றார். கரிஞோன் பின்னாளில் நகரக் குடிநீரைத் தனியாருக்குக் கொடுத்த விவகாரத்தில் ஊழல் வழக்கில் சிறை சென்றார். அந்தக் குடிநீர்ப் போராட்டத்தில் வளர்ந்த பசுமை இடதுசாரிகளின் துணையோடு 1995இல் சோஷலிஸ்ட் மிஷேல் தெஸ்தோ மேயரானார். கிரெனோபிளில் மேயரை மாற்றுவது எப்போதும் தண்ணீர்தான் போலிருக்கிறது. இம்முறை மட்டும் கூட்டணி முறிந்தது ஒரு மைதானத்தால்.

கால்பந்து அணிக்குப் புதிய மைதானம் வேண்டும். இடம், நகரின் நடுவே உள்ள போல் மிஸ்திரால் பூங்கா. மரங்களை வெட்ட வேண்டும். 2003 முடிவில் எதிர்ப்பாளர்கள் மரங்களின் மேல் குடில் கட்டிக் குடியேறினார்கள். அந்தப் பனியிலும் மேலேயே தங்கினார்கள். 2004 பிப்ரவரியில் போலீஸ் அவர்களை இறக்கியது, மரங்கள் விழுந்தன. பசுமைக் கட்சியினர் நகராட்சி ஆளும் கூட்டணிக்குள் இருந்துகொண்டே திட்டத்தை எதிர்த்தார்கள். 20,000 இருக்கைகள் கொண்ட ஆல்ப்ஸ் மைதானம் 2008 பிப்ரவரியில், அதாவது நகராட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு திறந்தது. தெஸ்தோ பசுமையாளர்களை விட்டுவிட்டு மையவாதிகளோடு சேர்ந்து வென்றார். அந்த ஆண்டே அணியும் முதல் பிரிவுக்கு ஏறியது. முடிவு சரிதான் என்று தோன்றியது. 2010இல் அணி இறங்கியது. 2011இல் திவாலாகி ஐந்தாம் நிலைப் போட்டிக்குத் தள்ளப்பட்டது. 20,000 இருக்கைகளுக்கு ஆள் தேட வேண்டிய நிலை. பிறகு ரக்பி அணி அங்கே வந்தது. 2014இல் பசுமைக் கட்சியின் எரிக் பியோல் மேயரானார். எதிர்த்த மைதானத்தைப் பராமரிக்கும் பங்கு அவர் தரப்புக்கு வந்து சேர்ந்தது.

லெ மான் நகரிலும் இதே கதை. 25,000 இருக்கைகளோடு 2011இல் புதிய மைதானம். திறக்கும் முன்பே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது, 2013இல் கிளப்பே திவால்.

தொழில்முறைக் கால்பந்து மேயருக்கு வாக்கு வாங்கித் தருமா? தரும் என்று எல்லா மேயர்களும் நம்பினார்கள். சேன்-எத்தியேன் இதை மறுக்கிறது. 1976 மே மாதம் அந்த ஊர் அணி ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக்கிடம் 1-0 என்று தோற்றது. தோற்ற அணியைப் பாரிஸில் ஊர்வலமாக அழைத்துப் போகும் அளவுக்கு நாடே கொண்டாடியது. அந்த ஊர் மேயர் மிஷேல் துராஃபூர் அமைச்சராகவும் இருந்தவர். பத்தே மாதத்தில், 1977 மார்ச்சில், கம்யூனிஸ்ட் ஜோசப் சாங்கெதோல்செவிடம் அவர் கட்சி நகராட்சியை இழந்தது. சாங்கெதோல்சே சுரங்கத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர். 1982இல் கிளப்பின் கறுப்புப் பண விவகாரம் வெடித்தது, 1983இல் அவரும் தோற்றார். கால்பந்துதான் இருவரையும் கவிழ்த்தது என்று நான் சொல்லவில்லை. நாடு முழுக்க 1977இல் இடது அலை, 1983இல் வலது அலை. அலைக்கு எதிராகக் கால்பந்து அணை போடவில்லை, அவ்வளவுதான்.

மார்சேய் கதை நீளமானது. காஸ்தோன் தெஃபேர் 1953 முதல் 1986இல் இறக்கும் வரை மேயர். வெலோத்ரோம் மைதானம் நகரத்துடையது, அணி வாடகைதாரர். 1965இல் கிளப் தலைவர் மர்செல் லெக்லேர் வாடகைத் தகராறில் அணியை அழைத்துக்கொண்டு பழைய சிறிய உவோன் மைதானத்துக்கே போய்விட்டார். வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக் காலி செய்யும் குடித்தனக்காரர் மாதிரி. பின்னர் திரும்பினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு கழித்து, 2014இல், தனியார் கூட்டு ஒப்பந்தத்தில் 67,000 இருக்கைகளாக விரிவாக்கிய அதே மைதானத்தின் வாடகைக்கு அதே சண்டை. வேறு ஊரில் போய் ஆடுவோம் என்று கிளப் மிரட்டியது, கடைசியில் சமரசம். இடையில் 1986இல் தொழிலதிபர் பெர்னார் தப்பி கிளப்பை வாங்க வந்ததற்குத் தெஃபேரின் ஊக்கமும் காரணம். தப்பி கோப்பைகளையும் கொண்டுவந்தார், சொந்த அரசியலையும் கொண்டுவந்தார். மேயர் கிளப்பைப் பயன்படுத்திய காலம் போய், கிளப் தலைவரே மேயர் நாற்காலியைப் பார்க்கும் காலம் வந்தது. ஆட்டத்தை விலைக்கு வாங்கிய வழக்கில் அந்தக் கனவு முடிந்தது.

இதே தெஃபேர்தான் உள்துறை அமைச்சராக 1982 மார்ச் அதிகாரப் பரவலாக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை நகராட்சி முடிவுகளை அரசின் மாவட்ட அதிகாரி முன்கூட்டியே பரிசீலிப்பார். அந்தக் கடிவாளம் கழன்றது. நகரங்கள் தொழில்முறை அணிகளுக்கு அள்ளிக் கொடுத்த 1980கள் அதற்குப் பிறகு வந்தவை. மாவட்டங்களும் சேர்ந்துகொண்டன. மோன்பெலியேவில் ஜார்ஜ் ஃப்ரேஷ் என்ற சோஷலிஸ்ட் மேயர் காலத்தில், 1989இல், கால்பந்து கிளப்பின் பெயரோடு எரோ மாவட்டத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் பாரிஸே கடிவாளத்தை எடுத்தது. 1993இல் ஒரு சட்டம் தொழில்முறைக் கிளப்புகளுக்கான மானியங்களை நிறுத்தப் பார்த்தது, அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. 1999 டிசம்பர் சட்டம் ஒரு சமரசம்: இளைஞர் பயிற்சி போன்ற பொதுநலப் பணிக்கு மட்டும் மானியம், பருவத்துக்கு 23 லட்சம் யூரோ வரை. கூடவே டிக்கெட், விளம்பரம் என்று சேவை 'வாங்கலாம்', அதற்கும் 16 லட்சம் உச்சவரம்பு. அப்போது விளையாட்டு அமைச்சர் மரி-ஜார்ஜ் புஃபே, கம்யூனிஸ்ட். பணத்தைக் கையில் கொடுக்க முடியாத நகரங்கள் அதன் பிறகு மைதானமாகக் கட்டிக் கொடுத்தன. குறைந்த வாடகையும் ஒருவகை மானியம்தானே.

பேரத்தில் கெட்டிக்காரத்தனத்துக்குத் துபெதூவுக்கு அடுத்தபடியாக நான் சொல்வது சேன்-தெனி மேயர் பத்ரிக் பிராவ்செக். 1993 அக்டோபரில் வலதுசாரிப் பிரதமர் பலதூர் 1998 கால்பந்து உலகக் கோப்பை மைதானத்துக்குச் சேன்-தெனியைத் தேர்ந்தெடுத்தார். கம்யூனிஸ்ட் நகரம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை. ஊரை இரண்டாகப் பிளந்து ஓடிய ஏ1 நெடுஞ்சாலையை மேலே மூட வேண்டும், ரயில் நிலையங்கள் வேண்டும் என்றது. நெடுஞ்சாலையின் மேல் மூடி வந்தது, அதன் மேல் தோட்டம் வந்தது. 80,000 பேர் அமரும் மைதானம் அரசின் தலையில். அங்கே நிரந்தர அணி இல்லாததற்கு, நடத்தும் நிறுவனத்துக்கு அரசு பல ஆண்டுகள் ஈட்டுத்தொகை கட்டியது. சேன்-தெனிக்குக் கடன் இல்லாமல் நெடுஞ்சாலை மறைந்தது. இருந்தும் அந்த மாவட்டத்தில் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. 2024 ஒலிம்பிக்ஸுக்கு மைதானத்துக்கு எதிரே கட்டிய நீச்சல் மையம் அந்தக் குறையைக் காட்டித்தான் நியாயப்படுத்தப்பட்டது.

சூரியகாந்திக் குளங்களில் பல இன்று இடிக்கப்பட்டுவிட்டன; சில பாரம்பரியச் சின்னமாக மதிக்கப்படுகின்றன; மீதியின் குவிமாடங்களில் வெப்பம் ஒழுகுகிறது. நகராட்சிக் கூட்டமைப்புகளுக்கென்று 1999இல் வந்த வேறொரு சட்டத்துக்குப் பிறகு நகராட்சிகள் திரண்டபோது முதலில் கைமாற்றிய சொத்துகளில் நீச்சல் குளமும் ஒன்று. யாருக்கும் அதன் செலவு பிடிக்கவில்லை. கூட்டமைப்புகளில் பல அதை நடத்தத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்தன. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் எரிவாயு விலையும் எகிறியபோது அப்படியொரு நிறுவனம் சுமார் 30 குளங்களை ஒரே நாளில் மூடியது.

ஒரு குளம் மூடினால் 1977இல் ஊர்க்காரருக்கு யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. மேயரைக் கேட்டார்கள், பதில் பிடிக்காவிட்டால் மாற்றினார்கள். இப்போது நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது, மேயர் கூட்டமைப்பைக் காட்டுகிறார். கூட்டமைப்பின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அதன் மன்ற உறுப்பினர்கள். 2020 முதல் தன் பெருநகர மன்றத்துக்கென்று தனியாக நேரடித் தேர்தல் நடத்தும் லியோன் இதில் விதிவிலக்கு. மற்ற ஊர்களில் அந்த உறுப்பினர்களும் நகராட்சிப் பட்டியலோடு ஒட்டித்தான் வருகிறார்கள்.